டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கங்களை எந்த முறையில் அச்சிடுவது?

கேட்கப்பட்டிருப்பது இதுதான்: கணினியில் 12 × 12 அங்குல அளவில் வடிவமைத்த ஸ்கிராப்புக் பக்கங்கள் (படங்களும் குறிப்புகளும் அலங்காரங்களும் சேர்த்து அமைத்த நினைவேட்டுப் பக்கங்கள்) அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன, அவற்றை வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிடலாமா, போட்டோ லேபில் தனித்தனிப் பிரிண்டுகளாகப் போடலாமா, அல்லது மொத்தத்தையும் ஒரு போட்டோபுக் ஆக்கிவிடலாமா? இவற்றில் எது பார்வைக்கு நன்றாக இருக்கும், எது நெடுநாள் நிற்கும்?

கவனமாகச் செய்தால் மூன்று வழிகளிலும் நல்ல அச்சு கிடைக்கும். ஆகவே எந்த இயந்திரம் சிறந்தது என்று ஒப்பிடத் தொடங்கும் முன்பு, அச்சான பக்கம் எங்கே இருக்கப்போகிறது, யார் கைகளில் எத்தனை முறை புரளப்போகிறது, அதன் பின்னால் இன்னும் பக்கங்கள் வந்து சேருமா என்பவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டால் தாள், மேற்பரப்பு, அளவு, ஓரத்தில் விட வேண்டிய இடம் ஆகிய மற்ற எல்லாமே ஏறக்குறையத் தாமாகவே அமைந்துவிடும். அதை எடுக்காமலே ஃபைல்களை அனுப்புகிறவர்கள்தான், நன்றாக அச்சான பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ குறைகிறதே என்று வருந்துகிறார்கள்.

இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் தொகுப்பு என்றால் தனிப் பிரிண்டுகளே பொருத்தம். ஒரு குழந்தையின் வளர்ச்சியைப் பதிவு செய்கிறவர், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்று திடீரெனக் கிடைத்தால் அதற்கொரு பக்கம் செய்து உரிய இடத்தில் நுழைக்க விரும்புவார். பிளாஸ்டிக் உறைகள் கொண்ட வளைய ஆல்பத்திலோ திருகாணி ஆல்பத்திலோ இது எளிது. ஒரு பக்கம் கெட்டுப்போனாலும் அதை மட்டும் மீண்டும் பிரிண்ட் போட்டு மாற்றிவிடலாம். ஓர் உறையில் இரண்டு பிரிண்டுகளை முதுகோடு முதுகாக வைத்தால் அறுபது பக்கங்களுக்கு முப்பது உறைகள் போதும். ஆனாலும் அது கனமான ஆல்பமாகவே இருக்கும். மடியில் வைத்துக் குழந்தைகள் புரட்டுவதற்கு ஏற்றதன்று.

ஒரு பயணம், ஒரு திருமணம், முடிந்துபோன ஓர் ஆண்டு என்று தொடக்கமும் முடிவும் உள்ள பக்கங்களுக்கு போட்டோபுக் சிறந்தது. இடம் அடைக்காது; அதே ஃபைல்களிலிருந்து உறவினருக்கும் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பக்க எண்ணிக்கை கூடக்கூட ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவும் பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். அதற்கு ஈடாக விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்றுண்டு: பைண்டிங் ஆன பிறகு வரிசையை மாற்ற முடியாது, எழுத்துப்பிழையைத் திருத்தவும் முடியாது.

போட்டோபுக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதையும் இங்கே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒன்று, எச்பி இண்டிகோ போன்ற டிஜிட்டல் அச்சு இயந்திரத்தில், சாதாரணத் தாளில் டோனர் மையால் இருபுறமும் அச்சிட்டுப் பைண்டிங் செய்யப்படுவது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நுண்ணிய புள்ளிகள் தெரியும். வெறுங்கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். மற்றொன்று, உண்மையான போட்டோ தாளில் பிரிண்ட் போட்டு, நடுவில் மடித்து, முதுகோடு முதுகாக ஒட்டிச் செய்யப்படும் லே-ஃப்ளாட் ஆல்பம். இதில் இரு பக்கங்களும் சமதளமாக விரியும். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நீளும் படத்தை இடையில் எதுவும் விழுங்காது, மடிப்புக் கோடு மட்டும் மெலிதாகத் தெரியும். தாள்கள் தடிமனானவை என்பதால் பக்கங்களுக்கு வரம்பு இருக்கும். ஒரு தாள் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட அறுபது பக்கத்துக்கு அட்டையைச் சேர்க்காமலே மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும். சாதாரண பைண்டிங்கில் நிலைமை வேறு: நடு ஓரத்தில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை முதுகுக்குள் மறைந்துபோகலாம். பக்கத்தின் உள்ளோரத்தில் முகமோ எழுத்தோ இருந்தால் அந்த வகைப் புத்தகத்துக்கு அந்தப் பக்கத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுப்பதானால் முழுப் பக்கத்தையும் சற்றுச் சுருக்கி, பின்னணித் தாளை மட்டும் நீட்டிவிட வேண்டும்.

அடுத்து வீட்டு அச்சு. ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர்; 8 × 8 அங்குலப் பக்கம் ஏறக்குறைய 203 மில்லிமீட்டர் என்பதால் அது சரியாக அடங்கும். 12 × 12 பக்கத்தை முழு அளவில் அச்சிட 329 × 483 மில்லிமீட்டர் கொண்ட ஏ3 ப்ளஸ் தாளை ஏற்கும் அகலமான போட்டோ பிரிண்டர் தேவை. அத்தகைய பிரிண்டர் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்தலாம். இதற்காகவே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்கிராப்புக் பக்கம் என்பது ஓரம் முதல் ஓரம் வரை வண்ணம் நிறைந்தது. கார்ட்ரிட்ஜ் மேல் குறிப்பிடப்படும் பக்க எண்ணிக்கையோ பெரும்பாலும் எழுத்தும் சிறு வரைபடங்களும் கொண்ட ஆவணங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. அந்த எண்ணிக்கையில் மிகச் சிறு பங்குதான் நமக்குக் கிடைக்கும். இங்க்ஜெட் பிரிண்டரைப் பல வாரங்கள் சும்மா வைத்திருந்தால் முனைகள் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யவும் இங்க் செலவாகும்.

இருந்தாலும் வீட்டு அச்சுக்கே உரிய இடம் ஒன்று உண்டு. பின்னணியையும் படங்களையும் அச்சிட்டு, அதன்மேல் உண்மையான ரிப்பனும் பொத்தானும் கையெழுத்தும் சேர்க்கிறவர்களுக்குத் தாளைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை மிக முக்கியம். லேபின் வழவழப்பான போட்டோ தாளில் பேனா பல நேரங்களில் பிடிக்காது, தடிமனான மேட் (பளபளப்பில்லாத) தாளில் அழகாகப் பிடிக்கும். அவர்கள் பிரிண்டர் அமைப்பில் தாளின் வகையைச் சரியாகத் தேர்வு செய்ய வேண்டும். மேட் தாளில் கிளாஸி (பளபளப்பானது) என்று தேர்ந்தெடுத்து அச்சிட்டால் கறுப்பு சாம்பலாகிவிடும். ஓரமில்லா அச்சைத் தேர்ந்தெடுத்தால் பல பிரிண்டர்கள் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைத் தாளுக்கு வெளியே தள்ளிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி அளவு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கத்தில் நிலைத்துவிட்ட தரம். அதன்படி 12 × 12 பக்கத்துக்கு 3600 × 3600 பிக்சலும், 8 × 8 பக்கத்துக்கு 2400 × 2400 பிக்சலும் வேண்டும். 12 அங்குலப் பக்கத்தை 2400 பிக்சலில் செய்து வைத்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். அது அங்குலத்துக்கு 200 பிக்சல், மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் படங்களில் பெரிய வேறுபாடு தெரியாது, நுண்ணிய எழுத்தின் விளிம்பில் மட்டுமே சற்று மென்மை தெரியும். ஆனால் பக்கத்தின் அளவு சரியாக இருப்பதாலேயே அதற்குள் வைத்த படமும் சரியாக இருந்துவிடாது. கைபேசி எடுத்த மூலப்படம் 4000 × 3000 பிக்சல் என்றால் 13 அங்குலத்துக்கும் மேல் தாங்கும். அதே படத்தை யாரோ செய்திச் செயலி வழியே அனுப்பி, அது சுருங்கி 1600 பிக்சல் நீளமாக வந்து சேர்ந்திருந்தால், 300 பிக்சல் கணக்கில் அதற்கு ஐந்தே கால் அங்குலம் வரைதான் தெம்பு உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அச்சுக்கு அனுப்புமுன் பெரிதாக வைத்த படங்களை மட்டுமாவது 100 விழுக்காட்டில் விரித்துப் பாருங்கள். இமைகளும் முடியும் பிசிறடித்தால் மூலப்படத்தைக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.

12 அங்குலப் பக்கத்தை 8 அங்குலத்தில் அச்சிடுவது செலவைக் குறைக்க நல்ல வழி. பரப்பளவு 144 சதுர அங்குலத்திலிருந்து 64 ஆகக் குறைகிறது. படங்கள் இந்தச் சுருக்கத்தைத் தாங்கும், எழுத்து தாங்காது. 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் எழுதிய குறிப்பு 8 புள்ளியாகிவிடும், 9 புள்ளியில் எழுதியது 6 ஆகிவிடும். தமிழ் எழுத்துகளுக்கு இது கூடுதல் சிரமம். ‘ண’, ‘ணை’, ‘ஞ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி காணாமல் போகும். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சுற்றியுள்ள மை உள்ளே பரவி இதை இன்னும் மோசமாக்கும். அச்சாகும் அளவில் தமிழ்க் குறிப்பு 10 புள்ளிக்குக் குறையாமலும், இருண்ட பின்னணி என்றால் சற்றுத் தடித்த எழுத்துருவாகவும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது பக்கங்களையும் 8 அங்குலத்தில் போட நினைத்தால், முதலில் குறிப்புகள் உள்ள பக்கங்களைத் திறந்து எழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். பத்து அங்குலத்தில் போட்டால் 12 புள்ளி 10 புள்ளியாகத்தான் குறையும் என்பதால் பலருக்கு அது நல்ல சமரசம்.

எழுத்தைப் பற்றி இன்னொன்று. போட்டோபுக் தளங்களின் மென்பொருளில் உள்ள எழுத்துப் பெட்டியில் தமிழைத் தட்டினால் சில வேளைகளில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கும். முன்னோட்டத்தில் சரியாகத் தெரிந்தது அச்சில் உடைந்து வருவதும் உண்டு. எழுத்து முழுவதையும் உங்கள் வடிவமைப்பு மென்பொருளிலேயே அமைத்து, எல்லா அடுக்குகளையும் (லேயர்களையும்) ஒன்றாக்கி, முழுப் பக்கத்தையும் ஒரே படமாக ஏற்றுவதே பாதுகாப்பானது. அடுக்குகள் கொண்ட மூல ஃபைலைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, அச்சுக்கு உயர்ந்த தரத்தில் ஜேபெக் ஒரு முறை சேமித்தால் போதும்.

ஓரங்கள் பற்றி அச்சகம் எதைக் கேட்கிறதோ அதை அப்படியே கொடுங்கள். வழக்கமாக நான்கு ஓரங்களிலும் 1/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், கட்டிங்குக்காகக் கூடுதலாகக் கேட்பார்கள். அப்போது 12 × 12 பக்கம் 12.25 × 12.25 ஆகவும், 3675 × 3675 பிக்சலாகவும் மாறும். பக்கத்தைச் சுற்றிலும் மெல்லிய கோடு போட்டு அலங்கரித்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: வெட்டும் கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்தக் கோடு ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் தெரியும். ஓரத்திலிருந்து அரை அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது அந்தக் கோட்டையே நீக்கிவிடுங்கள். சதுரப் பக்கத்தை 8 × 10 பிரிண்டாக ஆர்டர் செய்துவிட்டால் லேப் மென்பொருள் தானாகவே இரு புறமும் வெட்டிவிடும் என்பதால், சதுர அளவு கிடைக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறத்தில் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குத் திரைதான் காரணம். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கடையிலிருந்து வந்த நிலையிலேயே பயன்படுத்தும் திரை, அச்சைச் சரிபார்க்கத் தேவையானதைவிட மிகப் பிரகாசமாக இருக்கும். அச்சு வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) வரையான ஒளி போதும் என்பது நடைமுறை. அதிக ஒளியில் பார்த்துப் பார்த்து வடிவமைத்த பக்கம், தாளில் வரும்போது இருண்டுவிட்டதாகத் தோன்றும். பழைய பிரிண்ட் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒத்துப்போகும் வரை திரையின் ஒளியைக் குறைப்பது எளிய தொடக்கம். நிறவெளியை (ஃபைல் பயன்படுத்தும் நிறங்களின் எல்லையை) பொறுத்தவரை, அச்சகம் வேறு எதையும் கேட்காவிட்டால் பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி-யிலேயே கொடுங்கள். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி-யில் சேமித்த ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும் இயந்திரம், நிறங்களை மங்கலாக்கி வெளிறச் செய்துவிடும். நான்கு மைகளால் அச்சிடும் போட்டோபுக்கில் மின்னும் நீலமும் பளிச்சென்ற பச்சையும் சற்று அடங்கித்தான் வரும். அதே பக்கம் போட்டோ தாளில் இன்னும் செழிப்பாக இருக்கும்.

லேபில் ஆர்டர் கொடுக்கும்போது, தானியங்கி வண்ணத் திருத்தம் என்ற வசதி இருந்தால் அதைக் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். சாதாரணப் புகைப்படங்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது; பழுப்பேறிய பழங்காலத் தாள் போன்ற பின்னணியைக் கண்டதும், படத்தில் மஞ்சள் கூடிவிட்டது என்று கருதி அதைச் சாம்பலாக்கிவிடும். எதிரெதிரே வரும் இரு பக்கங்களில் ஒன்று திருத்தப்பட்டு மற்றொன்று திருத்தப்படாமல் போனால், ஒரே பின்னணித் தாள் இரு நிறமாகத் தெரியும்.

மேற்பரப்பில் கிளாஸி, லஸ்டர் (மற்ற இரண்டுக்கும் இடைப்பட்ட மென்பளபளப்பு), மேட் என்ற மூன்றில் ஸ்கிராப்புக் பக்கத்துக்கு லஸ்டரையே முதலில் சொல்வேன். டிஜிட்டல் ஸ்கிராப்புக்கின் அழகு அதன் மாயத்தில் இருக்கிறது: கிழித்த தாளின் நார், தைத்த நூல், பொத்தானின் கீழே விழும் நிழல் ஆகியவை உண்மை என்று கண் நம்ப வேண்டும், விரல் தொட்டுப் பார்க்க வேண்டும். கிளாஸி தாளில் விளக்கின் பிரதிபலிப்பு அந்த மாயத்தைக் கலைத்துவிடுகிறது, விரல்தடமும் படிகிறது, பிளாஸ்டிக் உறைக்குள் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மேட் தாளில் பின்னணித் தாள்கள் உண்மையான தாள்போலவே இருக்கும். ஆனால் கறுப்பின் ஆழம் குறையும். அகலமாகப் பரவவிட்ட கறுப்பு நிழல்கள் அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். மேட் தாளுக்குப் போவதென்றால் நிழலைக் குறுக்கி, தூய கறுப்புக்குப் பதிலாக அடர்பழுப்பில் கொடுத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

எது நெடுநாள் நிற்கும் என்ற கேள்விக்கு அச்சு முறையும் சேமிக்கும் முறையும் சேர்ந்தே விடை சொல்கின்றன. இங்க்ஜெட்டில் நிறமி மை (நிறம் நுண்துகள்களாக இருப்பது), சாய மையைவிட (நிறம் கரைந்திருப்பது) பொதுவாக நெடுங்காலம் நிற்கும். சாய மை ஒளிக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் எளிதில் வெளிறும். லேபில் ஒளிபடும் போட்டோ தாளில் எடுத்த பிரிண்ட், மூடிய ஆல்பத்துக்குள் பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கும். சில லேப்கள் இப்போது இங்க்ஜெட் இயந்திரங்களையே வைத்திருக்கின்றன என்பதால் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. எந்தப் பிரிண்டையும் பிவிசி உறையில் வைக்கக் கூடாது. அதிலிருந்து வெளியேறும் அமிலமும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருளும் படத்தைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, அமிலமும் லிக்னினும் (தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) இல்லாத அட்டை ஆகியவற்றைத் தேடுங்கள். ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனையில் தேறியது என்று குறிப்பிட்டிருந்தால், அந்தப் பொருள் புகைப்படத்தோடு வினைபுரியாது என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கேட்டவரின் அறுபது பக்கங்களுக்கு என் பரிந்துரை: முடிந்துவிட்ட ஆண்டுகளைச் சேர்ந்தவற்றை 10 × 10 அல்லது 12 × 12 லே-ஃப்ளாட் புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் முப்பது பக்கத்துக்கு மிகாமல் பிரித்துக்கொள்ளுங்கள், இன்னும் தொடரும் தொகுப்பை லஸ்டர் பிரிண்டுகளாக உறை ஆல்பத்தில் வையுங்கள். எதற்கும் முன்பு ஒரு சோதனை அச்சு தேவை. முழுப் பக்கத்தையும் சிறிதாக்கி அச்சிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. உண்மை அளவில் ஒரு துண்டைப் பார்க்க வேண்டும். 300 பிக்சல் தரத்தில் செய்த பக்கத்திலிருந்து முகம், சிறிய எழுத்து, நிழல் மூன்றும் அடங்கிய 1200 × 1800 பிக்சல் பகுதியைச் சுருக்காமல் வெட்டியெடுத்து, சாதாரண 4 × 6 அங்குலப் பிரிண்டாகக் கொடுங்கள். மிகக் குறைந்த செலவில், அந்தப் பக்கம் முழு அளவில் எப்படி வரும் என்பதைத் துல்லியமாகக் காட்டும். மிக இருண்ட பக்கம், மிக வெளிர்ந்த பக்கம், சிறிய எழுத்து நிறைந்த பக்கம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு துண்டு போதும். போட்டோபுக் என்றால் அந்த அச்சகத்தின் மிகச் சிறிய புத்தகத்தை ஒன்று வரவழைத்துப் பாருங்கள். ஒரு கடையின் போட்டோ பிரிண்டை வைத்து இன்னொரு கடையின் டோனர் அச்சை மதிப்பிட முடியாது.

துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் நிறம் இயல்பாக இருக்கிறதா, இருண்ட தலைமுடியில் இழை தெரிகிறதா, எழுத்தைத் தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்து, இருட்டாகத் தெரிந்தால் எல்லாப் பக்கங்களையும் ஒரே அளவு வெளிச்சமாக்குங்கள். மனநிறைவு கிடைத்த பிறகு ஒரு தொகுப்புக்குரிய பக்கங்கள் அனைத்தையும் ஒரே ஆர்டராகக் கொடுத்துவிடுங்கள். தாளின் தொகுதியும் இயந்திரத்தின் நிறச் சமன்பாடும் நாளுக்கு நாள் சற்று மாறுபடும் என்பதால், பல தவணைகளாகப் போட்ட பக்கங்களை அடுத்தடுத்து வைக்கும்போது அந்த வேறுபாடு கண்ணில் படும்.